‘மகாகனி’ எந்த மரத்துக் கனி?

தமிழகத்து ஊர்ப்புறச் சாலைகளில் நாற்றுப்பண்ணைகள் பெருகிவிட்டன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் தேக்கு, வேங்கை, மலைவேம்பு என்னும் நல்ல தமிழ்ப் பெயர்களுக்கிடையே ‘மகாகனி’ என்றொரு பெயர் தலைதூக்கி நிற்கின்றது. அடுத்த ஊர்ப் பலகையில் அதுவே ‘மகோகனி’ ஆகின்றது. அதற்கடுத்த ஊரில் வடவெழுத்தொன்றை வலிந்து அணிந்து மூன்றாம் கோலம் பூணுகின்றது. மரம் ஒன்று, எழுத்துக்கூட்டு மூன்று! தன் பெயர் இன்னதெனத் தெளியாத ஒரு மரத்தைத்தான் தமிழ் உழவன் தன் நிலத்தில் நட்டுத் தன் மக்களுக்கு வைப்பாக விட்டுச்செல்லக் கனவு காண்கின்றான்.

இம் மூன்றனுள்ளும் பெருங்கேடு விளைப்பது ‘மகாகனி’ என்பதே. ‘மகோகனி’ என எழுதுவோன் தான் எழுதுவது அயற்சொல் என்பதையேனும் அறிந்திருக்கின்றான். ‘மகாகனி’ என எழுதுவோனோ, ‘மகா’ என்னும் வடசொல்லையும் ‘கனி’ என்னும் தமிழ்ச்சொல்லையும் ஒட்டவைத்து, ஆங்கிலர் வாய்ச்சொல் ஒன்றுக்குப் பொய்ப்பிறப்புச் சான்று எழுதித் தருகின்றான். படிக்கும் எளிய மக்கள் அதனைப் ‘பெருங்கனி’ எனப் பொருள் கொள்கின்றனர். அயற்சொல் அயற்சொல்லாகவே வந்தால் அதனை அடையாளம் கண்டு விலக்கலாம். தமிழ்ச்சொல்லின் தோலைப் போர்த்துக்கொண்டு வந்தால் எவ்வாறு விலக்குவது?

சரி, அம் மரத்தில் கனி உண்டா? இல்லை. அதன் காய் கட்டைபோற் கடினமானது. பேரிலை இனத்தில் ஏறத்தாழ ஒரு சாணளவு வரை வளர்ந்து, காம்பின்மீது நிமிர்ந்து வானை நோக்கி நிற்கும். முற்றியபின் அடிப்புறத்திலிருந்து ஐந்து தோடுகளாகப் பிளந்து உதிரும். உள்ளே சிறகு முளைத்த விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். காற்றில் சுழன்று சென்று விழும். விதையோ கடுங்கசப்பு. கனியும் இல்லை, சாறும் இல்லை, சுவையும் இல்லை. பெயரில் மட்டும் கனி!

மலாய் மக்கள் இம் மரத்தை ‘துஞ்சுக் இலாங்கிட்’ என்கின்றனர். ‘வானைச் சுட்டுவது’ என்பது அதன் பொருள். காய் நிமிர்ந்து நிற்கும் கோலத்தைக் கண்ணாற் கண்டு அவர்கள் இட்ட பெயர் அது. அவர்கட்கும் இம் மரம் அயல்மரமே. ஆயினும் அவர்கள் மரத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். தமிழர் ஆங்கிலனின் வாயைப் பார்த்துப் பெயரிட்டார்கள். வேறுபாடு இதுவே.

‘பெயரில் கனி இருந்தால் என்ன கேடு?’ என வினவுவார்க்கு ஒரு செய்தி. இம் மரத்தின் விதையை ‘வான்கனி’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் விற்பார் உளர். குருதிக்கொதிப்பும் நீரிழிவும் தீரும் என்று நம்பி அதனை மிகுதியாக உண்டு ஈரலும் சிறுநீரகமும் கெட்டோரைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன. கனி எனச் சொன்னால் மாந்தர் உண்ணவே செய்வர். சொல்லின் பிழை உடலின் கேடாவது இவ்வாறே.

பெயர் பிறந்த கதை

இனி, ஆங்கிலன் வாயிலிருந்து அள்ளிக்கொண்ட அச் சொல்லாவது ஆங்கிலனுக்கு உரியதா? அதுவும் இல்லை. 1671-இல் இலண்டனில் ஓகில்பி என்பார் வெளியிட்ட ‘அமெரிக்கா’ என்னும் நூலிலேதான் இச் சொல் ஆங்கில அச்சில் முதன்முதல் தலைகாட்டுகின்றது. அதற்கு முன் ஆங்கிலத்தில் அச் சொல்லுக்கு வேரும் இல்லை, தூரும் இல்லை.

இம் மரத்தின் தாயகம் மேற்கிந்தியத் தீவுகளும் நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். அங்கே வாழ்ந்த தைனோ என்னும் பழங்குடியினர் இதற்கு இட்ட பெயரே ‘கவோபா’ என்னும் வடிவில் இன்றும் இசுபானிய மொழியில் வழங்குகின்றது. இசுபானியர் வாளாலும் நோயாலும் தைனோ மக்களை அழித்தனர். ஆயின் அவர்கள் மரத்திற்கு இட்ட பெயரை அழிக்க அவர்களாலும் இயலவில்லை.

ஆங்கிலர் வழங்கிய சொல்லுக்கோ வேறொரு பிறப்புக் கூறப்படுகின்றது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் யொருபா மக்கள், இம் மரத்திற்கு நெருங்கிய உறவான தங்கள் நாட்டு மரமொன்றை ‘ஓகன்வோ’ என்பர். அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுச் சமைக்காத் தீவிற்குக் கொண்டுவரப்பட்ட மேற்காப்பிரிக்க மக்கள், அங்கே இம் மரத்தைக் கண்டதும் தம் தாயகத்து மரத்தின் பெயராலேயே இதனையும் அழைத்தனர் என்றும், அதுவே ஆங்கிலர் செவியில் திரிந்து ‘மகோகனி’ ஆயிற்று என்றும் அமெரிக்கக் காட்டியல் அறிஞர் புரூசு இலாம்பு 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எடுத்துரைத்தார். இதனை மறுத்து, அத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்தே இச் சொல் வந்தது என்பாரும் உளர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எவர் கூற்று வென்றாலும் ஒன்று உறுதி: சொல் ஆங்கிலனுடையதன்று.

இலாம்பின் கூற்று உண்மையாயின், அதனுள் பொதிந்துள்ள பாடம் தமிழர் நெஞ்சைச் சுடவேண்டும். கழுத்தில் விலங்கு, முதுகில் கசையடி, கண்முன்னே காணாத நாடு. இந்நிலையிலும் அம் மக்கள் ஓர் அயல்மரத்தைக் கண்டபோது தம் தாய்மொழிப் பெயரை அதற்கு இட்டனர்! விலங்கு பூட்டியவனே அப் பெயரைக் கற்றுக்கொள்ளும்படி ஆயிற்று. உடலால் அடிமைப்பட்டோர் நாவால் அடிமைப்படவில்லை. விலங்கில்லாத தமிழனோ, தன் சொந்த மண்ணில், தன் சொந்தத் தோட்டத்தில், தன் கையால் நட்ட மரத்திற்கு அவ் விலங்கு பூட்டியவன் திரித்த சொல்லை மேலும் திரித்து எழுதிவைக்கின்றான்.

அறிவியற் பெயரின் கதையும் அறியத் தக்கதே. 1759-இல் இலின்னேயசு இம் மரத்தைச் ‘செத்ரெலா மகாகோனி’ எனக் குறித்தார். அடுத்த ஆண்டே, 1760-இல், மேற்கிந்தியத் தீவுகளில் செடிகொடி திரட்டித் திரும்பியிருந்த யாக்கின் என்பார் இதனைத் தனிப் பேரினமாக்கிச் ‘சுவீட்டினியா’ எனப் பெயரிட்டார். சுவீட்டன் என்பவர் யார்? ஆலந்து நாட்டின் இலெய்டன் நகரில் 1700-இல் பிறந்து, வியன்னாவில் பேரரசி மரியா தெரேசாவின் அரண்மனை மருத்துவராக விளங்கியவர். மருத்துவக் கல்வியைச் சீர்திருத்திய அறிஞர்தாம். அவர் பெருமையை எவரும் குறைக்கவேண்டியதில்லை. ஆயின் இம் மரம் வளரும் மண்ணில் அவர் கால்பட்டதில்லை. யாக்கினுக்கு அவர் புரவலர். அந் நன்றிக்கடன் மரத்தின் தலையில் ஏறியது! தைனோ மக்கள் மரத்தை அறிந்து பெயரிட்டனர். அரண்மனை, மரத்தை அறியாதவர்க்கு அதனைப் பட்டயமாக வழங்கியது.

காழில் படிந்த குருதி

இம் மரத்தின் மதிப்பு அதன் காழில் உள்ளது. அகத்தே காழ் உடையது மரம், புறத்தே காழ் உடையது புல் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துச் சென்றது. மரத்தின் உள்வயிரத்தைக் காழ் எனப் பெயரிட்டு, அதனைக்கொண்டே மரத்தையும் புல்லையும் பிரித்தறிந்தது தமிழ். சீமைநூக்கு எனத் தமிழில் பெயர்பெற்ற இம் மரத்தின் காழ் வெட்டியபோது இளஞ்செம்மையாக இருந்து, ஒளி படப்படச் செம்பழுப்பாக ஆழ்ந்துவரும். உலர்ந்தபின் மிகச் சிறிதே சுருங்கும், முறுக்கிக்கொள்வதில்லை, உளிக்கும் இழைப்புளிக்கும் நன்கு இணங்கும். ஆதலாலே மேசைக்கும் நிலைப்பேழைக்கும் கப்பற்பலகைக்கும் இசைக்கருவிகட்கும் இது விரும்பப்பட்டது.

1721-இல் பிரித்தானியப் பாராளுமன்றம், அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்திற்கு இறக்குமதி வரியை நீக்கியது. அன்று தொடங்கிற்று வெட்டு. 1740-இல் இங்கிலாந்திற்கு வந்தது 525 டன். 1750-இல் 3,688 டன். 1788-இல் 30,000 டன்னுக்கு மேல்! 1754-இல் சிப்பெண்டேல் என்னும் தச்சர் தம் அறைகலன் வரைபட நூலை வெளியிட்டபோது, செல்வர் வீடெல்லாம் இம் மரத்தால் நிறைந்துகொண்டிருந்தது. சமைக்காத் தீவில் எளிதில் எட்டக்கூடிய மரங்கள் தீர்ந்தன. கோடரி ஒண்டுராசு வளைகுடாவிற்குத் தாவியது. 1786-இல் இசுபானியரோடு செய்துகொண்ட இலண்டன் ஒப்பந்தத்தால், இன்றைய பெலீசு நாட்டில் இம் மரத்தை வெட்டும் உரிமையை ஆங்கிலர் பெற்றனர்.

வெட்டியவர் யார்? ஆப்பிரிக்க அடிமைகள். இம் மரம் தோப்பாக வளர்வதில்லை. காட்டில் ஒன்றிங்கும் ஒன்றங்குமாக நிற்கும். ஆகத்து மாதத்தில் இதன் தழை நிறம் மாறுங்கால், கூர்ந்த கண்ணுடைய அடிமையொருவன் காட்டின் உயர்ந்த மரமொன்றின் உச்சியில் ஏறி, பச்சைக் கடலுக்கிடையே அந் நிறத்தைத் தேடிக் கண்டுபிடிப்பான். அடிமரத்தின் விலாப்புறம் புடைத்துப் பரந்திருக்குமாதலின், ஆளுயரத்திற்கும் மேலே பரண் கட்டி நின்று கோடரியால் வெட்டுவர். பகல் வெயிலை எருதுகள் தாங்கா என்பதனால், நள்ளிரவில் தீப்பந்த ஒளியில் அடிமரங்களை ஆற்றங்கரைக்கு இழுப்பர். மழைவெள்ளம் வந்ததும் ஆற்றிலே மிதக்கவிட்டுக் கடற்கரை சேர்ப்பர். இலண்டனின் விருந்து மேசையில் பளபளத்த செம்மை, வெறும் மரத்தின் செம்மை மட்டுமன்று.

பெலீசு மக்கள் இதனை மறக்கவில்லை. ‘பிரித்தானிய ஒண்டுராசு’ எனத் தங்கள் தலையில் ஏற்றப்பட்ட நாட்டுப் பெயரை 1973-இல் நீக்கிப் ‘பெலீசு’ எனத் தம் நாட்டிற்குப் பெயர் சூட்டினர். 1981-இல் விடுதலை பெற்றனர். அவர்கள் நாட்டுக்கொடியின் நடுவே இம் மரமும், கருவி ஏந்திய உழைப்பாளர் இருவரும் நிற்கின்றனர். துன்பத்தின் நினைவையே கொடியாக்கி, அயலான் இட்ட பெயரை மாற்றிக்கொண்ட சிறுநாடு அது. நாட்டின் பெயரையே மாற்ற அவர்களால் இயலுமாயின், ஒரு மரத்தின் பெயரைத் திருத்தத் தமிழர்க்கு இயலாதா?

தமிழ் மரங்களின் மேல் ஏறிய பெயர்

1795-இல் சமைக்காவிலிருந்து இம் மரத்தின் கன்றுகள் கல்கத்தாத் தோட்டத்திற்குக் கிழக்கிந்தியக் குழும்பாரால் கொண்டுவரப்பட்டன. பேரிலை இனமோ 1872-இல் ஒண்டுராசிலிருந்து விதையாக வந்தது. அதற்கு 1886-இல் ‘பேரிலை’ எனப் பொருள்படும் அறிவியற் பெயரைச் சூட்டியவர் அத் தோட்டத்தின் தலைவராயிருந்த கிங்கு என்பவரே.

மரம் வருமுன்பே பெயர் வந்துவிட்டது என்பதே வியப்பு. அதே தோட்டத்திற்கு முன்னர்த் தலைவராயிருந்த இராக்சுபரோ, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். ‘சோழமண்டலம்’ என்பதையே ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ எனத் திரித்து வழங்கினர். அந் நூலிலே, காய்ச்சல் போக்கும் பட்டையுடைய செம்மரத்திற்கும், தமிழகத்தில் பொரசு என்றும் ஈழத்தில் முதிரை என்றும் வழங்கும் மரத்திற்கும் அவர் ‘சுவீட்டினியா’ என்றே பெயரிட்டார்! பின்வந்த அறிஞர்கள் ஆராய்ந்து, அவை வேறு பேரினங்கள் எனப் பிரித்தனர். செம்மரம் ‘சொய்மிடா’ ஆயிற்று. அது தெலுங்கர் தம் மொழியில் வழங்கிய பெயர். முதிரையோ பேரினம் மாறியும் விடுதலை பெறவில்லை. அதன் அறிவியற் பெயரின் பிற்பகுதியாக இன்றும் ‘சுவீட்டினியா’ ஒட்டிக்கொண்டிருக்கின்றது. வன்னிக்காட்டில் விளைந்து, யாழ்ப்பாணத்து வீடுகளின் நிலையாகவும் கதவாகவும் வழிவழி நிற்கும் மரம், அதனைக் கண்டிராத வியன்னா மருத்துவரின் பெயரைச் சுமந்து நிற்கின்றது!

இதற்கு மாறான காட்சியும் உண்டு. அதனையும் தமிழர் அறிதல் வேண்டும். தேக்கு என்னும் சொல் சேரநாட்டுக் கரையில் போர்த்துகீசியர் செவியில் விழுந்து, ‘தேக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்கு’ ஆகி, உலகமெங்கும் பரவியது. இலின்னேயசின் மகன் அதற்குத் ‘தெக்டோனா’ என அறிவியற் பெயரிட்டார். புங்கம் ‘பொங்காமியா’ ஆயிற்று. மாங்காய் ஐரோப்பிய மொழிகளில் எல்லாம் ‘மாங்கோ’ ஆயிற்று. கட்டுமரம் இன்று உலகக் கடல்களில் எல்லாம் மிதக்கின்றது. கொச்சியில் ஆலந்துக்காரரின் ஆளுநராயிருந்த வான் இரீடு, இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர் முதலியோரிடம் கேட்டறிந்து, மலையாளக் கரையின் செடிகொடிகளை நாட்டுப் பெயர்களோடேயே 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிடச் செய்தார். அவரும் ஆலந்துக்காரரே, சுவீட்டனும் ஆலந்துக்காரரே. நாட்டு மக்கள் தம் பெயரை உரக்கச் சொன்ன இடத்தில் அயலான் எழுதிக்கொண்டான். அவர்கள் வாய்மூடி நின்ற இடத்தில் தன் பெயரை எழுதிவைத்தான். சொல்லுவார் இருந்தால் கேட்பாரும் இருப்பர்.

எழுதப் படிக்கத் தெரியாதோர் செய்த தொண்டு

‘அயல்நாட்டுப் பொருளுக்கு அயல்நாட்டுப் பெயர்தானே பொருந்தும்?’ என்பது கற்றோர் பலர் கேட்கும் கேள்வி. இதற்கு விடையைக் கல்லாதோரிடமே கேட்கலாம். புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊர்ப்புறத்தான் அதன் இலையையும் புகையையும் பார்த்துப் ‘புகையிலை’ என்றான். காரமான அமெரிக்கக் காயைக் கண்டான். தன் மிளகின் உறைப்பு அதில் இருக்கக் கண்டு ‘மிளகாய்’ என்றான். மண்ணுக்குள் விளையும் கடலையை ‘நிலக்கடலை’ என்றான், ‘வேர்க்கடலை’ என்றான். மாலையில் இலை கூம்பும் அமெரிக்க மரத்தைத் ‘தூங்குமூஞ்சி மரம்’ என்று நகைச்சுவை பொங்க அழைத்தான். எந்த அகரமுதலிக் குழுவும் கூடி இச் சொற்களை ஆக்கவில்லை. எந்த அரசாணையும் இவற்றை நாட்டவில்லை. கண்ணும் நாவும் தன்னுடையவாக இருந்தன, அவ்வளவே!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கினார் என்று மேடைதோறும் பெருமை பேசப்படுகின்றது. பேசுவோர் வீட்டு வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டால் ஆங்கிலத்தில் விடை வரும். முன்னோர் பெயரிட்ட பெருமையைப் பேசுவது எளிது. முன்னோரைப் போலப் பெயரிடுவதன்றோ அவர்க்குச் செய்யும் கைம்மாறு?

சீமைநூக்கு

இம் மரத்திற்கும் தமிழ் வாய்மூடி நிற்கவில்லை. மேலே ஆண்ட ‘சீமைநூக்கு’ என்னும் பெயர் இதற்குத் தமிழில் வழங்கியதே. ‘நூக்கு’ என்பது தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் வழங்கும் கருமரத்தின் பெயர். மலைநாட்டுத் தச்சரின் மதிப்பிற்குரிய உயர்ந்த மரம் அது. கடல்கடந்து வந்த இம் மரத்தின் பலகையும் அதைப்போலவே நிறமும் வழவழப்பும் மதிப்பும் உடையதாயிருக்கக் கண்டு, தமிழன் இதனைச் ‘சீமைநூக்கு’ என்றான். பெயர் ஆயத்தமாக இருந்தது. அதனைத் தூக்கி எறிந்துவிட்டு ‘மகாகனி’யைத் தேடிப்பிடித்தவர் படித்தவரே.

இதற்கும் இரண்டு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. ஒன்று: நூக்கு அவரைக் குடும்பத்து மரம், இதுவோ வேம்பின் குடும்பத்தது, ஆகவே பெயர் பொருந்தாது என்பது. மரத்தொழிலில் பெயர் காழைப் பார்த்து வருவது. பூவின் உறுப்புகளை எண்ணி வருவதன்று. ஆங்கிலரும் தம் ‘மகோகனி’ என்னும் பெயரை வேம்பின் குடும்பத்தைச் சேராத பிலிப்பைன் நாட்டு மரங்கட்கும் வழங்குகின்றனரே. அங்கே எழாத தடை தமிழுக்கு மட்டும் ஏன் எழவேண்டும்? மற்றொன்று: ‘சீமை’ என்பதே வடசொல் அன்றோ என்பது. அவ்வாறு கருதுவார்க்கு வழி எளிது. ‘செந்நூக்கு’ என்று சொல்லட்டும். கருநூக்கினின்று பிரித்துக் காட்டவும் அது பயன்படும். இரண்டில் எதனைச் சொன்னாலும் தமிழே வாழும்.

உலகமுழுதும் ஒரே பெயரால் வழங்கும் மரத்திற்குத் தமிழர் மட்டும் தனிப்பெயர் வைக்கலாமா என்பாரும் உளர். எந்த உலகம்? இசுபானியர் ‘கவோபா’ என்கின்றனர். போர்த்துகீசியர் ‘மோக்னோ’ என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் ‘அக்காசு’ என்கின்றனர். மலாய்க்காரர் வானைச் சுட்டுகின்றனர். இவருள் எவரும் இலண்டனிடம் ஒப்புதல் கேட்டதில்லை. உலகறிஞர்க்கு ஒரே பெயர் வேண்டுமாயின் அதற்காகவே இலத்தீன அறிவியற் பெயர் இருக்கின்றது. ‘உலகம்’ என்று இவர் கூறுவது ஆங்கிலத்தைத்தான். ஆங்கிலத்தையே உலகமெனக் கொள்வது கிணற்றுத் தவளையின் அறிவினும் குறைந்தது. தவளை தன் கிணற்றையாவது உலகம் என்கின்றது. இவரோ பிறன் கிணற்றை உலகம் என்கின்றனர்!

பெயர் தெளிந்தால் பொருள் தெளியும்

‘எப் பெயரால் அழைத்தால் என்ன, பலகை பலகைதானே?’ என்பது வணிகர் வாதம். பெயர் வெறுஞ்சொல்லாயின் அதற்காக நாடுகள் சட்டம் இயற்றியிருக்கமாட்டா. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், அறைகலன் விற்போர் அடைமொழியின்றி ‘மகோகனி’ என்று எழுதவேண்டுமாயின் அது சுவீட்டினியாவாகவே இருத்தல் வேண்டும் எனவும், கையா என்னும் பேரினமாயின் ‘ஆப்பிரிக்க’ என்னும் அடையும் பிலிப்பைன் மரமாயின் ‘பிலிப்பைன்’ என்னும் அடையும் சேர்த்தே எழுதவேண்டும் எனவும் முன்னர் நெறி வகுத்திருந்தது. அங்கே பெயருக்குக் காவல் இருந்தது. தமிழகத்திலோ சுவீட்டினியாவின் இரண்டு இனங்களும் ஆப்பிரிக்கக் கையாவும் ஒரே ‘மகாகனி’ப் பலகையின் கீழ் விற்கக்கூடும். வாங்கும் உழவன் தான் நட்டது எது என்பதைப் பல ஆண்டு கழித்துக் கோடரி வைக்கும்போதே அறிவான்.

பெயர் வேறாயின் அறிவு வேறாகும். ‘சிற்றிலைச் செந்நூக்கு’, ‘பேரிலைச் செந்நூக்கு’, ‘ஆப்பிரிக்கக் கையா’ என மூன்று பெயர்களை எழுதிவைத்தால், எழுத்தறிந்த எவரும் இலையைப் பார்த்தே முதலிரண்டையும் பிரித்தறிவர். மூன்றாவதன் ஊரைப் பெயரே சொல்லும். ‘மகோகனி’ என்னும் சொல்லோ தமிழ் உழவனுக்கு இலையையும் காட்டாது, காழையும் காட்டாது, ஊரையும் காட்டாது. பொருள் விளங்காத பெயரின் நிழலில்தான் பொய் விலை வளர்கின்றது. சில ஆண்டுகளில் கோடி குவியும் என்று நாற்று விற்போர் சொல்லும்போது, இம் மரத்தின் நற்காழ் முதிர்வதற்குக் கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் காத்திருக்கவேண்டும் என்பதும், இளமரத்தில் வெளிறே மிகுதி என்பதும், தளிரைத் துளைக்கும் புழு நுனிக்குருத்தை அழித்தால் அடிமரம் நேராக ஓங்காமல் கவைவிட்டுப் போகும் என்பதும் மறைக்கப்படுகின்றன. அப் புழுவின் ஆசிய இனம் சந்தனவேம்பையும் தாக்குவது. இரண்டும் ஒரே குடும்பத்தன என்பதை ஒரு பெயரேனும் உணர்த்தியிருக்குமாயின், சந்தனவேம்பை அறிந்த உழவன் இதனையும் அறிந்திருப்பான்.

தாயகத்தில் இம் மரம் கோடரிக்குத் தப்பி ஒடுங்கிக்கொண்டிருக்கின்றது. பிரேசில் நாடு 2001-இல் இதன் வெட்டுக்குத் தடை விதித்தது. 2002-இல் சாந்தியாகோவில் கூடிய நாடுகள் பேரிலை இனத்தின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடிவுசெய்து, 2003 முதல் நடைமுறைப்படுத்தின. ஆப்பிரிக்கக் கையாவையும் அவ்வாறே கட்டுக்குள் கொண்டுவர 2022-இல் முடிவுசெய்யப்பட்டது. அங்கே அருகிவரும் மரம் இங்கே நடப்படுவது தவறன்று, நன்றே. நடுக! வளர்க்க! ஆயின், இதன் பெயர் தமிழில் நிற்கட்டும். இதன் உண்மை உழவன் செவியில் ஏறட்டும். இதற்கு இடம் தருவதற்காக வேங்கையும் தோதகத்தியும் செம்மரமும் முதிரையும் மறக்கப்படாதிருக்கட்டும். நாற்றுப் பட்டியல்களில் பெயரில்லாத மரம் நாளடைவில் நிலத்திலும் இல்லாது போகும். பெயர் மறைவதே மரம் மறைவதன் முதற்படி.

செய்யவேண்டியது பெரிதன்று. நாற்றுப்பண்ணை வைத்திருப்போர் தம் பலகையில் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். வேளாண் துறையும் காட்டுத்துறையும் தம் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். பள்ளி ஆசிரியர் மரத்தடியில் நின்று மாணவர்க்கு ஒருமுறை சொன்னால் போதும். தச்சர்களும் மரக்கடைக்காரரும் நாவிற்கு ஒருநாள் பழக்கினால் போதும். பின்னர் அச் சொல் தானே நடக்கும்; புகையிலை நடந்ததுபோல, மிளகாய் நடந்ததுபோல.

விலங்கு பூண்ட அடிமை தன் தாய்நாட்டு மரத்தின் பெயரைக் கடல்கடந்தும் மறவாதிருந்தான் என்கின்றனர். விலங்கொன்றும் இல்லாத தமிழன் தன் வீட்டு வாயிலில் நிற்கும் மரத்திற்குத் தன் மொழியில் பெயர் சொல்லக் கூசுவானாயின், அவனைப் பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாத விலங்கு. அதனை வெட்ட வேறு கோடரி வேண்டுவதில்லை. ‘மகாகனி’ என்னும் சொல்லைப் பலகையினின்று அழித்து, அவ்விடத்தில் ‘செந்நூக்கு’ என்று எழுதுக! காழுள்ள மரத்திற்குக் காழுள்ள பெயர் நிற்கட்டும்!